இரத்தமும் ஒளியும்

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக வால்பாறைக்கு ஏறும் மலைப்பாதையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஏறத்தாழ 3,500 அடி உயரத்தில், தேயிலைத் தோட்டங்கள் சூழ அமைந்துள்ள அவ்வூருக்கு இன்று மாணவர்கள் மகிழ்ச்சியோடு சுற்றுலாச் சென்று வருகின்றனர். ஆனால், நூறு ஆண்டுகளுக்கு முன் அதே மலைக்குப் பிழைப்புத் தேடிச் சென்ற ஏழை மக்கள் அச்சத்தோடுதான் சென்றனர். புலியையும் யானையையும் விட அவர்கள் பெரிதும் அஞ்சியது மலைக் காய்ச்சலுக்கே. நாம் இன்று மலேரியா என்று வழங்கும் நோய் அதுவே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கார்வர் மார்ஷ் முதலிய ஆங்கிலேயத் துரைமார் ஆனைமலைக் காடுகளைத் திருத்தித் தோட்டங்கள் அமைக்கத் தொடங்கினர். அவற்றில் உழைப்பதற்காகச் சமவெளி மாவட்டங்களிலிருந்து மேஸ்திரிமார் முன்பணம் கொடுத்துக் குடும்பம் குடும்பமாக மக்களை அழைத்து வந்தனர். மலைச்சரிவில் தெளிந்தோடும் ஓடைகளிலே ‘அனாபிலிஸ் புளூவியாட்டிலிஸ்’ என்னும் கொசு முட்டையிட்டுப் பெருகும். தென்னிந்திய மலையடிவாரங்களில் மலேரியாவைப் பரப்பும் கொசு அது. வந்த மக்களிற் பலர் அக்காய்ச்சலுக்கு இரையாயினர். ஆனைமலைத் தோட்டங்களில் 1940களில் மருத்துவராகப் பணியாற்றிய டாக்டர் பி. எச். டேனியல், அத்துயர வரலாற்றை 1969இல் ‘ரெட் டீ’ என்னும் ஆங்கில நாவலாக எழுதினார். அது பிற்காலத்தில் ‘எரியும் பனிக்காடு’ என்ற பெயரில் தமிழிலும் வந்துள்ளது.

பரம்பரையாக வரும் இரத்த நோய்களை ஒளியின் துணைகொண்டு கண்டறிந்த வரலாற்றைச் சொல்ல வந்தவன், மலேரியாவிலிருந்து தொடங்குவானேன் என்று நீங்கள் கேட்கலாம். மலேரியா மனிதனைக் கொன்றதோடு நிற்கவில்லை. பல நூறு தலைமுறைகளாக அது மனித இரத்தத்தையே மாற்றி அமைத்தும் வந்திருக்கிறது. அந்த மாற்றத்தை மனிதன் கண்டுகொண்டது இருபதாம் நூற்றாண்டில்தான். கண்டுகொள்ள உதவிய கருவிகளில் முதன்மையானது ஒளி.

முதலில் இரத்தத்தைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 50 லட்சம் சிவப்பணுக்கள் உள்ளன. ஒவ்வொன்றும் நடுவிலே குழிந்த வட்டத் தட்டுப் போன்றது. குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஏழு அல்லது எட்டுப் பங்கு. தன்னைவிடக் குறுகிய நாளங்களினூடேயும் அது வளைந்து நெளிந்து சென்றுவிடும். ஹீமோகுளோபின் என்னும் செந்நிறப் புரதம் அதனுள் நிறைந்திருக்கிறது. நுரையீரலில் பிராணவாயுவை ஏற்றுக்கொண்டு உடலெங்கும் கொண்டு சேர்ப்பது அப்புரதத்தின் தொழில். ஒரு சிவப்பணு சுமார் 120 நாட்கள் உழைத்துப் பின் அழியும்.

1904ஆம் ஆண்டின் இறுதியில், மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்த கிரெனடாவிலிருந்து சிகாகோ நகருக்குப் பல் மருத்துவம் பயில வந்த வால்டர் கிளெமென்ட் நோயல் என்ற மாணவர் நோயுற்று மருத்துவமனையிற் சேர்ந்தார். அவருடைய இரத்தத் துளியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, வட்டமாக இருக்க வேண்டிய அணுக்களுள் சில கதிர் அறுக்கும் அரிவாள் போல வளைந்து காணப்பட்டன. அவருக்குச் சிகிச்சை செய்த டாக்டர் ஜேம்ஸ் ஹெரிக் இச்செய்தியை 1910இல் வெளியிட்டார். ‘அரிவாள் அணுச் சோகை’ மருத்துவ நூல்களில் இடம்பெற்றது அப்போதுதான். நோயல் படிப்பை முடித்துத் தம் தீவுக்குத் திரும்பி மருத்துவம் பார்த்தார். எனினும் 1916இலேயே, இளம் வயதில் மறைந்தார்.

அணுவின் உருவம் கெடுவதற்குக் காரணம் யாது? இவ்வினாவுக்கு விடை 1949இல் கிடைத்தது. அமெரிக்க இரசாயன விஞ்ஞானி லைனஸ் பாலிங்கும் அவருடைய துணைவர்களும், நோயாளிகளின் ஹீமோகுளோபினை மின்சாரப் புலத்தில் ஓடவிட்டுப் பார்த்தனர். நலமுள்ளவரின் ஹீமோகுளோபின் ஒரு விதமாகவும், நோயாளியினுடையது வேறு விதமாகவும் நகர்ந்தன. நோயின் அடையாளத்தைத் தாங்கியும் நோயின்றி வாழ்கின்றவர்களிடம் இருவகையும் கலந்திருந்தன. ஒரு நோயின் வேர் ஒரு மூலக்கூறில் இருப்பதை உலகம் கண்டது அதுவே முதன்முறை. அதே ஆண்டில், இந்நோய் தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்து கூடினாலன்றித் தோன்றாது என்பதை ஜேம்ஸ் நீல் விளக்கினார். 1956, 1957ஆம் ஆண்டுகளில் கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்கிராம் இன்னும் ஆழமாகச் சென்றார். ஹீமோகுளோபினின் பீட்டாச் சங்கிலியில் 146 கண்ணிகள் உள்ளன. அவற்றுள் ஆறாவது கண்ணியில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலைன் இருக்கிறது. வேறுபாடு அவ்வளவே. அந்த ஒரு கண்ணி மாறியதால், பிராணவாயு குறையும்போது ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கம்பிபோல் நீள்கின்றன, அணு அரிவாளாக வளைந்து விறைக்கிறது, நாளங்களை அடைக்கிறது, தாங்கொணா வலி தோன்றுகிறது. 120 நாள் வாழ வேண்டிய அணு பத்து இருபது நாட்களிலேயே மடிகிறது.

இவையெல்லாம் நெடுந்தொலைவில் நிகழ்ந்தவை. இனி நம் கொங்கு நாட்டுக்கு வருவோம். கோயம்புத்தூருக்குத் தெற்கே ஆனைமலை, வடமேற்கே நீலகிரி. இந்தியாவில் அரிவாள் அணு முதன்முதலாகக் கண்டறியப்பட்டது அந்த நீலகிரியிலேதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராணுவ மருத்துவராக இந்தியாவில் பணியாற்றிய ஹெர்மன் லேமன் என்பவரும், இரத்த வகைகளை ஆராய்வதிற் புகழ்பெற்ற மேரி கட்புஷ் என்ற அம்மையாரும் அங்குள்ள பழங்குடி மக்களின் இரத்தத்தை ஆராய்ந்து, 1952இல் முடிவுகளை வெளியிட்டனர். மலைச்சரிவுகளிலும் அடிவாரங்களிலும் வாழும் இருளர், குறும்பர் முதலியோரிடம் இந்த இயல்பு மிகுதியாகக் காணப்பட்டது. மேட்டுநிலத்தில் வாழும் தோடர், படகர் ஆகியோரிடம் அது குறைவாக இருந்தது.

அதே 1952இல், மேல் அஸ்ஸாமின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடையிலும் இந்நோய் உள்ளதென டன்லப், மஜும்தார் என்ற இருவர் எழுதினர். தேயிலைக்கும் இந்நோய்க்கும் உறவேதுமில்லை. வேற்று மாநிலத்துப் பழங்குடி மக்கள் தோட்ட வேலைக்காக அஸ்ஸாமிற் குடியேறினர்; அவர்களுடைய இரத்தமும் அவர்களோடு சென்றது. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் நமக்குப் பயன்படும்.

சரிவில் மிகுதி, மேட்டில் குறைவு என்ற வேறுபாடு எதனால் நேர்ந்தது? 1954இல் அந்தோணி அல்லிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் செய்த ஆராய்ச்சி இதற்கு வழிகாட்டியது. பெற்றோர் ஒருவரிடமிருந்து மட்டும் இவ்வியல்பைப் பெற்ற குழந்தை, கொடிய மலேரியாவால் இறப்பதிலிருந்து பெரிதும் காக்கப்படுகிறது என்று அவர் காட்டினார். மலேரியா நிறைந்த இடங்களில் இத்தகைய குழந்தைகள் மிகுதியாகப் பிழைத்து வளர்ந்தனர். ஆகவே இவ்வியல்பும் தலைமுறை தலைமுறையாக நிலைத்தது. காய்ச்சல் குடிகொண்டிருந்த நீலகிரிச் சரிவுகளில் அது மிகுந்தும், காய்ச்சல் எட்டாத உயரத்தில் குறைந்தும் இருந்தது இவ்விளக்கத்தோடு பொருந்துகிறது. ஒரு பங்காக வந்தால் கேடயம். இரு பங்காக வந்தால் நோய்.

இவ்விடத்தில் ஒரு தவறான கருத்தையும் குறிப்பிட வேண்டும். ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் ஒரே அரிவாள் அணு காணப்படுவதால், இவ்விரு நாட்டுப் பழங்குடிகளையும் ஒரே இனத்தின் கிளைகளாக இணைத்துப் பேசும் கருத்துகள் எழுந்தன. இரத்தத்தில் ஒரு புள்ளியைக் கண்டவுடன் அதை இனத்தின் முத்திரையாகக் கொள்ள மனிதன் விரைந்தான். 1986இல் குலோசிக் முதலியோர் மரபணுவின் சுற்றுப்புறத்தை ஆராய்ந்து, ஆசியாவில் இம்மாற்றம் ஆப்பிரிக்காவிலிருந்து வராமல் தனியே தோன்றியதற்குச் சான்று காட்டினர். எங்கே மலேரியா உண்டோ, அங்கே இயற்கை ஏறத்தாழ ஒரே கேடயத்தைத் தனித்தனியே வனைந்திருக்கிறது. மத்தியதரைக் கடற்பகுதியிலும் இந்தியாவிலும் காணப்படும் தலசீமியா என்ற மற்றொரு பரம்பரை நோயும் இத்தகையதே. அதில் ஹீமோகுளோபின் போதிய அளவு உற்பத்தியாவதில்லை. அணுக்கள் சிறுத்து வெளிறுகின்றன. அதன் கொடிய வடிவத்தை 1925இல் டெட்ராய்ட் நகரத்துக் குழந்தை மருத்துவர் தாமஸ் கூலி விவரித்தார்.

இனி ஒளியின் கதை. ஹெரிக்கின் நுண்ணோக்கிக்கு வேண்டியிருந்தது சாதாரண வெளிச்சம். ஆனால் ஒளியிடம் அதைவிடப் பெரிய ஆற்றல் ஒன்றுண்டு என்று உலகுக்கு உணர்த்தியவர், 1888இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த சர் சி. வி. இராமன். ஒரே நிறமுள்ள ஒளியை ஒரு பொருளின்மீது செலுத்தினால், சிதறி வரும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வருகிறது. அம்மாற்றத்தின் அளவு அப்பொருளின் மூலக்கூறுகளுக்கே உரியது. 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் கண்ட இவ்வுண்மைக்காக 1930இல் அவர் நோபல் பரிசு பெற்றார். ஆனால் அந்தச் சிதறல் ஒளி மிக மங்கலானது. பாதரச விளக்கின் ஒளியிலே ஒரு படம் எடுக்க மணிக்கணக்கில், சில வேளைகளில் நாட்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. இராமனின் கண்டுபிடிப்பு முழுப்பயன் தருவதற்கு வேறொரு விளக்குத் தேவைப்பட்டது.

அவ்விளக்கு 1960இல் வந்தது. 1917இலேயே ஐன்ஸ்டைன் கணக்கிட்டுக் கூறிய ஒரு கொள்கையைப் பின்பற்றி, கலிபோர்னியாவில் தியோடர் மைமன் என்பவர் அவ்வாண்டு மே 16ஆம் நாள் ஒரு மாணிக்கக் கல் தண்டிலிருந்து செந்நிற லேசர் ஒளியை எழுப்பினார். சாதாரண விளக்கின் ஒளி திருவிழாக் கூட்டத்தைப் போன்றது. நாலா பக்கமும் சிதறும், பல நிறங்களும் கலந்திருக்கும். லேசர் ஒளியோ அணிவகுத்துச் செல்லும் படையைப் போன்றது. ஒரே நிறம், ஒரே திசை, ஒரே சீரான நடை. அது ஒரு பொருளில் மோதிச் சிதறும்போது, சிதறிய விதத்திலிருந்தே அப்பொருளின் பருமனையும் வடிவத்தையும் உள்ளடக்கத்தையும் கணக்கிட முடியும். இரத்த ஆராய்ச்சியாளர்கள் இதனை மூன்று வழிகளில் பயன்படுத்தினர்.

முதல் வழி, அணுவின் நெகிழ்ச்சியை அளப்பது. மெல்லிய துணியினூடே தெருவிளக்கை நோக்கினால் ஒளி கோலம்போல் விரிந்து தெரிவதை நீங்கள் பார்த்திருக்கலாம். அதுபோல, கணக்கற்ற சிவப்பணுக்கள் மிதக்கும் திரவத்தினூடே லேசர் ஒளியைச் செலுத்தினால், எதிரேயுள்ள திரையில் ஒரு வட்டக் கோலம் விழும். திரவத்தைச் சுழற்றினால் நலமான அணுக்கள் நீள்கின்றன. கோலமும் முட்டை வடிவாக மாறுகிறது. விறைத்த அணுக்கள் நீள மறுக்கின்றன. கோலமும் மாற மறுக்கிறது. 1975இல் பிரெஞ்சு அறிஞர் மார்செல் பெஸ்ஸியும், இந்திய வழியினரான நார்லா மோகன்தாஸும் இம்முறையை வெளியிட்டனர். அரிவாள் அணுவையும், சிவப்பணுக்கள் உருண்டையாகிவிடும் வேறொரு பரம்பரை நோயையும் ஆராய இக்கருவி பெரிதும் பயன்படுகிறது.

இரண்டாம் வழி, அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பது. 1985இல் டைக்கோவும் அவருடைய குழுவினரும் விவரித்த முறையில், அணுக்கள் முதலில் இரசாயன உதவியால் சிறு கோளங்களாக்கப்படுகின்றன. பின் ஒன்றன்பின் ஒன்றாக லேசர்க் கற்றையைக் கடக்கின்றன. சிறு கோணத்தில் சிதறும் ஒளி அணுவின் பருமனைக் கூறும். சற்றுப் பெரிய கோணத்தில் சிதறும் ஒளி அதனுள் உள்ள ஹீமோகுளோபினின் அடர்த்தியைக் கூறும். இதனால் விளைந்த நன்மை ஒன்றைச் சொல்கிறேன். வெளிறிய முகத்தோடு ஒரு பெண் மருத்துவமனைக்கு வருகிறாள். அவளுக்கு இரும்புச் சத்துக் குறைவா, அல்லது தலசீமியா இயல்பு உள்ளதா? இரண்டிலும் அணுக்கள் சிறுத்தே தோன்றும். ஆனால், இரும்புக் குறைவில் வெளிறிய அணுக்களின் பங்கு மேலோங்கும். தலசீமியா இயல்பில் சிறுத்த அணுக்களின் பங்கு மேலோங்கும். லேசர்க் கருவி இந்தக் குறிப்பைச் சில நிமிடங்களில் தந்துவிடுகிறது. எனினும் அது குறிப்பே, தீர்ப்பு அன்று. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் சோதனை செய்த பின்னரே மருத்துவர் முடிவுக்கு வருவார்.

மூன்றாம் வழி, இராமனின் கண்டுபிடிப்பையே உயிருள்ள அணுவின்மீது செலுத்துவது. 1972இல் ஸ்ட்ரெக்காஸ், ஸ்பைரோ என்போர் லேசர் ஒளியால் ஹீமோகுளோபினின் இராமன் நிறமாலையைப் பெற்றனர். பிராணவாயுவைத் தாங்கிய நிலையும், இழந்த நிலையும் வெவ்வேறு கோடுகளாய்த் தெரிந்தன. ஒளியினாலேயே நுண்பொருளைப் பற்றி நிறுத்தும் இடுக்கியை 1986இல் ஆர்தர் ஆஷ்கின் குழுவினர் உருவாக்கினர். 96ஆம் வயதில், 2018இல், ஆஷ்கினுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இடுக்கியும் இராமன் முறையும் கைகோத்தபோது, ஓர் அணுவை மட்டும் அந்தரத்தில் பிடித்து நிறுத்தி விசாரிப்பது இயன்றது. 2008இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து விஞ்ஞானிகள் இவ்வாறு தலசீமியா அணுக்களை ஆராய்ந்தனர். 2010இல் நம் அண்டை மாநிலமான கர்நாடகத்தின் மணிப்பாலில், உயிருள்ள சிவப்பணுக்களும் வெள்ளணுக்களும் தனித்தனியே இம்முறையில் ஆராயப்பட்டன. இம்மூன்றாம் வழி இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சிச் சாலையிலேயே இருக்கிறது.

கருவிகளின் வளர்ச்சி வியப்புக்குரியதே. ஆனால் வரலாறு படிக்கும் மாணவர் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். நீலகிரியில் 1952இல் கண்ட உண்மை, நாடு தழுவிய இயக்கமாக வளர எத்தனை ஆண்டுகள் ஆயின? அரிவாள் அணுச் சோகையை ஒழிப்பதற்கான தேசிய இயக்கம் 2023 ஜூலை 1ஆம் நாள் மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கப்பட்டது. இடைப்பட்ட காலம் 71 ஆண்டுகள். அறிவியல் அறிந்த உண்மை, அதனால் வாழ வேண்டிய குழந்தையைச் சென்றடைய மூன்று தலைமுறைக் காலம் ஆகிவிட்டது. அந்த இடைவெளியில், கோத்தகிரியில் 1958இல் தோன்றிய நீலகிரி ஆதிவாசிகள் நலச் சங்கமும், பின்னர் கூடலூரில் எழுந்த ஆதிவாசி மருத்துவமனையும் போன்ற சில நிறுவனங்களே அம்மக்களிடையே தொண்டாற்றி வந்தன.

புதிய இயக்கத்தின் நோக்கம், நாற்பது வயதுக்குட்பட்ட ஏழு கோடிப் பேரைச் சோதிப்பதும், 2047க்குள் இந்நோயைப் பொதுநலச் சிக்கலாக இல்லாதவாறு செய்வதும் ஆகும். கிராமத்தில் அது முதலிற் பயன்படுத்துவது எளிய சோதனையே. இரத்தத் துளியை ஒரு மருந்து நீரிற் கலக்கின்றனர். அரிவாள் ஹீமோகுளோபின் இருந்தால் நீர் கலங்கும்; குழாயின் பின்னே வைத்த கோடுகள் கண்ணுக்குத் தெரியா. நீர் கலங்கலாகத் தோன்றுவதேன்? அதிலுள்ள நுண்துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால்தான். இராமனின் ஆய்வுக்கூடத்திலும், பெருநகர மருத்துவமனையின் லேசர்க் கருவியிலும், மலைக்கிராமத்துச் செவிலியின் கையிலுள்ள சிறு குழாயிலும் சிதறும் ஒளியே செய்தி சொல்கிறது. கலங்கிய குழாய்க்கு உரியவர் நோயாளியா, இயல்பைத் தாங்குபவரா என்பதை மட்டும் அடுத்த சோதனை பிரித்துச் சொல்லும்.

இச்செய்தி வால்பாறைக்கு எவ்வாறு பொருந்தும்? ஆனைமலையில் காடர், முதுவர், மலசர், மலைமலசர், இரவாளர், புலையர் ஆகிய பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். சிலருடைய குடியிருப்புகளுக்குச் செல்லக் காட்டுவழியே நெடுந்தூரம் நடக்க வேண்டும். தேயிலைத் தோட்டங்களிலோ அஸ்ஸாம், ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து புதிய தொழிலாளர்கள் வந்து உழைக்கின்றனர். 1952இல் அஸ்ஸாம் தோட்டங்களில் கண்ட செய்தியை இப்போது நினைவுகூருங்கள். உழைப்பவன் எங்கே செல்கிறானோ, அங்கே அவன் முன்னோரின் இரத்தமும் செல்கிறது. ஆகவே பழங்குடிக் குடியிருப்போடு நின்றுவிடாமல், தோட்டத்து மருத்துவமனைக்கும் இச்சோதனை வர வேண்டும்.

சோதனையைவிடக் கடினமானது, அதன் முடிவைப் புரிந்துகொள்வது. இயல்பைத் தாங்கும் இருவர் மணந்தால், ஒவ்வொரு மகப்பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு நோய்க்கும், நான்கில் இரு பங்கு வெறும் இயல்புக்கும், நான்கில் ஒரு பங்கு முழு நலத்துக்கும் வாய்ப்புண்டு. முதற்குழந்தைக்கு நோய் வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்று எண்ணுவது பிழை. இயல்பை மட்டும் தாங்குபவர் நோயாளி அல்லர். உழைக்கலாம், படிக்கலாம், மணம் புரியலாம். அவரை ஒதுக்கிவைப்பது அறியாமை. நோயுற்றவருக்கும் இன்று நம்பிக்கை உண்டு. குழந்தைப் பருவத்திலேயே கண்டறிந்தால் தடுப்பூசிகளும் ஹைட்ராக்சியூரியா போன்ற மருந்தும் துன்பத்தைக் குறைத்து ஆயுளை நீட்டுகின்றன. மரபணுவையே திருத்தும் சிகிச்சைக்கு 2023இன் இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் இசைவு அளித்தன. அதன் விலையோ மிக உயர்ந்தது.

மாணவ நண்பர்களே, உங்களுள் சிலர் நாளை மருத்துவராவீர்கள். சிலர் பௌதிகம் பயின்று புதிய ஒளிக் கருவிகளைச் செய்வீர்கள். சிலர் ஆசிரியராக மலையூர்ப் பள்ளிகளுக்குச் செல்வீர்கள். கருவி செய்பவர், அது காட்டுவழியே தூக்கிச் செல்லத்தக்கதாகவும் ஏழைக்கு எட்டும் விலையுடையதாகவும் அமைய வேண்டும் என்பதை மறவாதிருக்க வேண்டும். ஆசிரியராகச் செல்பவர், அடிக்கடி மூட்டுவலி என்று பள்ளிக்கு வராத குழந்தையைச் சோம்பேறி என்று கடிந்துகொள்ளுமுன், அதன் இரத்தத்தை ஒருமுறை சோதிக்கச் செய்ய வேண்டும். 1952க்கும் 2023க்கும் இடையே நேர்ந்த தாமதம் இனியும் நேராமற் காப்பது உங்கள் தலைமுறையின் கடமை.